பன்னீர் காயும்வரை

தேவிப்ரியாவின் கோபம் அந்தக் குடும்பத்தில் பிரசித்தம். பத்தாவது படிக்கும்போதே, விடைத்தாளில் மார்க்கைத் தப்பாகக் கூட்டிய ஆசிரியரைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி நியாயம் கேட்டவள். அம்மா இவளுக்குப் பால் கொடுக்காமல் பச்சை மிளகாய் கொடுத்து வளர்த்துவிட்டாள் என்று அக்கா காயத்ரி சொல்வாள். ஆனால் அந்தக் கோபம் மாமாவின் பக்கம் மட்டும் ஒருநாளும் திரும்பியதில்லை.

மாமா என்றால் காயத்ரியின் கணவர் ஜெயக்குமார். காஞ்சிபுரத்தில் இரண்டு மாடிப் பட்டுப் புடவைக் கடை வைத்திருப்பவர். தேவிப்ரியாவை வெளியூருக்கு எம்.இ. படிக்க அனுப்ப மாட்டேன் என்று அவள் அப்பா பிடிவாதம் பிடித்தபோது, அவர்தான் வந்து உட்கார்ந்து, ஆம்பளைப் பிள்ளையாக இருந்தால் அனுப்புவீர்களா மாட்டீர்களா என்று மாமனாரை நேருக்கு நேர் கேட்டவர். அந்த ஒரு கேள்விக்காக அவர் என்ன சொன்னாலும் தேவிப்ரியா கேட்டுக்கொள்வாள்.

இப்போது அவள் வாலாஜாபாத் போகிற சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். ஒரு பரப்பின்மேல் விழுந்த நீர்த்துளி எப்படி உலர்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் கணக்காகப் போட்டு, படமாக ஓட்டிப் பார்க்கிற வேலை. பரப்பு முழுவதும் ஒரே குணமாக இருந்தால் கணக்கு சுலபம். ஒரு பக்கம் தண்ணீரை ஒட்டவிடும், பக்கத்திலேயே இன்னோர் இடம் ஒட்டவிடாது என்றால்தான் சிக்கல். அந்த மாதிரிப் பரப்பில் ஒரு துளியை உலர வைக்க அவளுடைய கம்ப்யூட்டர் இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும். வெளியே பத்து நிமிஷத்தில் காய்கிற தண்ணீரை மேடம் ரெண்டு நாள் காய வைக்கிறார் என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஜெயக்குமார் புதுச் சரக்கு ஒன்றைப் பற்றிச் சொன்னார். பட்டுப் புடவைமேல் தெளிக்கிற ஒரு மருந்து. தெளித்துக் காய வைத்தால் தண்ணீர் ஒட்டாது. தாமரை இலைமேல் ஓடுகிற மாதிரி ஓடிவிடும். அதற்குத் தாமரைப் பூச்சு என்று அவரே பெயரும் வைத்துவிட்டார். இதைத்தானே நீ படிக்கிறாய், உன் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டேன் என்றார். அவளுக்கு உற்சாகமாக இருந்தது. முதல்முறையாக வீட்டில் ஒருவர் அவள் வேலையைப் பற்றிக் கேட்கிறார்.

பூச்சுப் போட்ட துணி ஒன்றை வாங்கிப் போய் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பட்டு இழையில் மருந்து நன்றாகப் பிடித்திருந்தது; தண்ணீர் முத்தாக நின்றது. சரிகையில் மருந்து பிடிக்கவே இல்லை. அங்கே தண்ணீர் பரவிப் படுத்துக்கொண்டது. அளந்ததைக் கணக்கில் கொடுத்து இரண்டு படங்கள் ஓட்டினாள். முதல் படத்தில் வெறும் பட்டு: துளி உருண்டு ஓடியது. இரண்டாவது படத்தில் பட்டும் சரிகையும்: துளி பட்டின்மேல் உருண்டு வந்து, சரிகைக் கரையில் ஏறி, அங்கேயே மாட்டிக்கொண்டது. காயக் காய, தன்னில் கரைந்திருந்ததை எல்லாம் விளிம்புக்குத் தள்ளி, கடைசியில் கெட்டியான ஒரு வளையமாக விட்டுவிட்டுப் போனது.

இரண்டு படங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஜெயக்குமாரிடம் கொடுத்தபோது அவள் தெளிவாகவே சொன்னாள். பூச்சே இல்லாத புடவையில் பன்னீரோ மோரோ பட்டால் ஊறிப் பரவி, மங்கலாக ஒரு கறை விழும். பூச்சுப் போட்ட புடவையில் மேலே விழுந்தது எல்லாம் ஓடிவந்து சரிகையில் சேரும். கறை ஒரே இடத்தில் கெட்டியாக நிற்கும். இதற்கு ஒரு வழி செய்யாமல் விற்காதீர்கள். அவர் தலையாட்டினார். மருந்து விற்கிறவனிடம் காட்டிக் கேட்கிறேன் என்று சொல்லித் தன் போனில் ஏற்றிக்கொண்டார்.

ஆடித் தள்ளுபடி தொடங்கிய வாரம், கல்லூரிப் பேருந்து ஜெயக்குமாரின் கடையைத் தாண்டும்போது, கடையின் நெற்றியில் இருந்த பெரிய திரையில் தேவிப்ரியா தன் துளியைப் பார்த்தாள். உருண்டு ஓடும் துளி மட்டும். அது சரிகைக்கு வருமுன்பே படம் வெட்டப்பட்டிருந்தது. அடுத்து அவளுடைய புகைப்படம். காயத்ரியின் வளைகாப்பில் எடுத்தது. 'காஞ்சியின் விஞ்ஞானி தேவிப்ரியா நிரூபித்தது. தாமரைப் பூச்சுப் பட்டு. தண்ணீர் பட்டால் துடைக்காதீர்கள், தானே ஓடிவிடும்.'

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தாள். ஜெயக்குமார் அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்து, குளிர்பானம் கொண்டுவரச் சொன்னார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. உன்னை ஊருக்கே தெரியும்படி பண்ணிவிட்டேன் பார் என்கிற சந்தோஷம்தான் இருந்தது. அவள் குளிர்பானத்தைத் தொடவில்லை. பாதிப் படத்தைப் போட்டிருக்கிறீர்களே என்றாள்.

"போட்ட பாதி நெஜந்தானே, ப்ரியா?" என்றார் ஜெயக்குமார்.

நான் கொடுத்தது முழுப் படம் என்று அவள் குரலை உயர்த்தினாள். பேச்சு ஏற ஏறக் காயத்ரி கல்லாவை விட்டுவிட்டு ஓடிவந்து, கதவைச் சாத்தி, ஆடி முடிகிறவரை விட்டுவிடு, எல்லாம் எடுத்துவிடச் சொல்கிறேன் என்று தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா உனக்காக அப்பாவிடம் எப்படிப் பேசினார் என்பதை நினைத்துப் பார் என்றும் சொன்னாள். தேவிப்ரியா நினைத்துப் பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ஆடி முடிந்ததும் திரையில் வேறு விளம்பரம் வந்தது. அத்தோடு முடிந்தது என்று அவள் நம்பினாள். கடைப் பையன்களின் போன்களிலும், அங்கிருந்து கல்யாண வீட்டுக்காரர்களின் வாட்ஸ்அப்பிலும் அந்தத் துளி ஓடிக்கொண்டே இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஆவணியில் முகூர்த்தங்கள் தொடங்கிச் சில நாட்கள் கழித்து, கல்லூரிக்கு ஓர் அம்மாள் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். கூரத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர்; பெயர் இந்திராணி. கையில் ஒரு துணிப்பை. நீங்கள்தான் அந்த விஞ்ஞானியா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பைக்குள்ளிருந்து ஓர் அரக்கு நிற முகூர்த்தப் புடவையை எடுத்து மேஜைமேல் விரித்தார். கரை நெடுக, சரிகையின்மேல், பழுப்பு வளையங்கள். ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும், யாரோ ஈர டம்ளரை வைத்து வைத்து எடுத்த மாதிரி. இரண்டு நாள் ஓட்டிக் கம்ப்யூட்டர் காட்டிய அதே வளையம்.

இந்திராணியின் மகள் கீர்த்திக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம் நடந்தது. மணமேடையில் உறவினர்கள் சந்தனம் கரைத்த பன்னீரைப் பொண்ணு மாப்பிள்ளைமேல் தாராளமாகத் தெளித்தார்கள். கடையில் காட்டிய வீடியோவை நம்பி யாரும் துடைக்கவில்லை. சாயங்காலம் புடவையை மடிக்கும்போதுதான் மாமியார் அலமு பார்த்தார். வந்த அன்றைக்கே முகூர்த்தப் புடவையைப் பாழாக்கியவள் வீட்டை எப்படி வைத்துக்கொள்வாள் என்று தொடங்கிய பேச்சு இன்னும் ஓயவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அலமு அதை எடுத்துக் காட்டினார். கடையில் காட்டிக் கேட்கிறேன் என்று சொல்லித்தான் இந்திராணி புடவையை வாங்கி வந்திருந்தார்.

"எம்பொண்ணு தொடைக்கத்தாம்மா போச்சு," என்றார் இந்திராணி. "தொடைக்காத, தொடைக்காதன்னு நாந்தான் அது கையத் தட்டி வுட்டேன். உங்க போட்டோவப் பாத்துட்டு."

கடைக்குப் போய்க் கேட்டீர்களா என்று தேவிப்ரியா கேட்டாள். போனாராம். நீங்கள் எண்ணெய்க் கையோடு தொட்டிருப்பீர்கள் என்றாராம் கடைக்காரர். அப்புறம், எங்களுக்கு இதெல்லாம் தெரியாது, நிரூபித்தது அந்த மேடம், அவங்களையே போய்க் கேளுங்கள் என்று கல்லூரியின் பெயரையும் சொல்லி அனுப்பினாராம்.

அதைக் கேட்டதும் தேவிப்ரியாவின் காது மடல்கள் சூடாயின. மாமா படத்தை வெட்டினார், பெயரைப் போட்டார். அதையெல்லாம் அவள் விழுங்கிவிட்டாள். இப்போது அவளையே பழிக்கு முன்னால் நிறுத்திவிட்டு அவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். அவள் வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, இந்திராணியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனாள்.

முகூர்த்தக் கூட்டம். கீழ்த்தளத்து மெத்தையில் இரண்டு மூன்று கல்யாண வீட்டார் புடவைகளை விரித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வழக்கம்போல வருகிறவர்களுக்குச் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும். பக்கத்தில் பூச்சுப் போட்ட புடவை கட்டி நின்ற பெரிய பொம்மை. அதன் கழுத்தில் 'தாமரைப் பூச்சு' என்று ஓர் அட்டை.

தேவிப்ரியா யாரையும் கேட்கவில்லை. கிண்ணத்துச் சந்தனத்தைப் பன்னீர்ச் செம்பில் கரைத்தாள். செம்பைக் கவிழ்த்து உதறி, பொம்மையின் தோளிலிருந்து இடுப்புவரை தெளித்தாள்.

துளிகள் முத்து முத்தாக உருண்டன. விளம்பரத்தில் இருந்த மாதிரியே, பட்டின்மேல் ஈரமே படாமல் சறுக்கி இறங்கின. யாரோ ஒரு பெண் 'அட' என்றாள். அப்புறம் துளிகள் ஒவ்வொன்றாகச் சரிகைக் கரைக்கு வந்து சேர்ந்தன. வந்ததும் நின்றுவிட்டன.

விற்பனையாள் ஒருவர் துணியோடு ஓடிவந்தார்.

"தொடாதீங்க," என்றாள் தேவிப்ரியா. "தொடைக்கத் தேவையில்லன்னு நீங்கதானே சொன்னீங்க? காயட்டும். எல்லாரும் இருந்து பாத்துட்டு அப்புறம் வாங்குங்க."

ஜெயக்குமார் எழுந்து வந்தார். மைத்துனியைக் கடையை விட்டு வெளியே தள்ளவும் முடியாது; இத்தனை பேர் முன்னால் கத்தவும் முடியாது. உள்ளே வாம்மா, பேசிக்கலாம் என்றார் மெதுவாக. அவள் பொம்மையின் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்திராணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு துளி காயக் காத்திருப்பது எவ்வளவு நேரம் என்று அதற்கு முன் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். புடவை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பொம்மையைப் பார்த்தார்கள். கல்லாவில் காயத்ரி குனிந்த தலை நிமிரவில்லை. மின்விசிறியின் காற்றில் துளிகள் தட்டையாகி, நடுவில் மெலிந்து, விளிம்பில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு தடித்தது. கடைசி ஈரமும் போனபோது கரை நெடுக வளையங்கள் நின்றன. இந்திராணி எழுந்து, தன் பையிலிருந்த புடவையை எடுத்துப் பொம்மையின் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். ஒரு கல்யாண வீட்டார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

ஜெயக்குமார் உடனே வேறு புடவை தருகிறேன் என்றார். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், மேல்மாடியில் இருப்பதில்கூட.

"எனக்குப் பொடவ வேணாம்பா," என்றார் இந்திராணி. "தாலி கட்டிக்கினது இந்தப் பொடவையில. நீ வாலாஜாபாத்துக்கு வந்து, எம்பொண்ணு மேல தப்பு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. அது போதும்."

அதை மட்டும் அவரால் செய்ய முடியவில்லை. புடவை மாற்றித் தருகிறேன் என்கிறேன், ஒரு கடைக்காரன் அதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தேவிப்ரியா எழுந்தாள். வாலாஜாபாத்துக்கு நான் வருகிறேன் என்று இந்திராணியிடம் சொன்னாள். படியில் இறங்கும்போது காயத்ரி பின்னாலேயே வந்து, வீட்டில் பேச வேண்டியதை நடுக்கடையில் பேசிவிட்டாயே என்றாள். கதவைச் சாத்தி ஆடியிலேயே பேசினேனே என்று சொல்லித் தேவிப்ரியா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

வாலாஜாபாத்தில் அலமுவின் வீடு அரிசி மில்லை ஒட்டி இருந்தது. கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். கீர்த்தி உள்வாசலில் நின்றாள். கல்யாணத்து மருதாணி இன்னும் கையில் மங்காமல் இருந்தது. தேவிப்ரியா முழுப் படத்தையும் போனில் ஓட்டி அலமுவிடம் காட்டினாள். எங்கே வெட்டினார்கள் என்பதையும் காட்டினாள். புடவை கெட்டதற்குப் பூச்சுதான் காரணம், கட்டியிருந்தவள் காரணமில்லை என்றாள்.

அலமு கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். மருந்தே காரணமாக இருக்கட்டும், மேலே ஈரம் பட்டால் ஒற்றி எடுக்க வேண்டும் என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அப்போது இந்திராணி வாய் திறந்தார். "அது தொடைக்கப் போச்சு, சம்பந்தி. கையத் தட்டுனது நான்."

அலமு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளும் கீர்த்தி அதைச் சொல்லவே இல்லை. அம்மாவைக் காட்டிக் கொடுக்காமல், எல்லாப் பேச்சையும் தன்மேலேயே வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டு, வீங்கிய கண்களோடு நின்றாள். அவள் முகத்தில் இருந்ததைச் சோகம் என்று தேவிப்ரியா முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தபோது அது தன்னுடையதைப் போன்ற கோபம்தான் என்று தெரிந்தது. காட்ட இடமில்லாத கோபம்.

அலமு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அந்தப் புடவையைக் கொடு, பீரோவில் வைக்கிறேன், இனிமேல் யாரும் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்றார். யாரும் என்றபோது தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பிறகு தேவிப்ரியாவிடம் திரும்பினார்.

"ஏம்மா, உன் பேரப் போட்டு விக்கிறாங்கன்னு உனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"சொந்தக்காரங்கன்னு வுட்டுட்ட."

தேவிப்ரியா ஆமாம் என்றாள். அலமு மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. மாமாமேல் இருந்த கோபம் குறையவில்லை. அதோடு தன்மேலும் கோபம் சேர்ந்துகொண்டது. அன்று மாலையே முழுப் படத்தையும், தன் வாயாலேயே விளக்கம் சொல்லி, தன் பெயரில் இணையத்தில் போட்டாள். எந்தக் கடை என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பொம்மைக்குப் பன்னீர் தெளித்த கதை அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. பூச்சுப் போட்ட புடவைகள் கடைக்குத் திரும்பி வரத் தொடங்கின. மருந்து விற்றவன் தன்னை ஏமாற்றிவிட்டதாக ஜெயக்குமார் எல்லோரிடமும் சொன்னார். பூச்சு வேலை நின்றது.

ஐப்பசி பிறந்து தீபாவளிக் கூட்டம் தொடங்கியபோது, கல்லூரி மாணவி ஒருத்தி போனை நீட்டினாள். மேடம், உங்கள் புது விளம்பரம் நன்றாக இருக்கிறது என்றாள். தேவிப்ரியா வாங்கிப் பார்த்தாள். ஜெயக்குமாரின் கடைதான். இந்த முறை படத்தின் இரண்டாம் பாதி: சரிகையில் மாட்டிக்கொண்ட துளி, வளையம், அவள் குரல். கீழே எழுத்து: 'பூச்சுப் புடவையை நம்பி ஏமாறாதீர்கள். எங்களிடம் கலப்பில்லாத சுத்தப் பட்டு மட்டுமே. விஞ்ஞானி தேவிப்ரியாவின் பரிந்துரை.'

அவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். எப்படிப் பாதியாக வெட்டினாலும் அவருக்கு ஒரு பாதி உதவிவிடுகிறது. கல்லூரி முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருந்த வக்கீல் சாமுவேலைப் பார்க்கப் போனாள். படியேறும்போது காயத்ரியின் அழைப்பு வந்தது. விளம்பரத்தைப் பார்த்த கையோடு தேவிப்ரியா ஜெயக்குமாருக்கு ஒரே வரியில், வக்கீலைப் பார்க்கப் போகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

"படிக்க வெச்ச மனுஷன் மேல கேஸ் போடுவியா?" என்றாள் காயத்ரி.

"அதுக்காகத்தான் ஆடியில வாய மூடிக்கினு இருந்தேன்."

"அந்த விளம்பரம் அவரு போட்டது இல்ல. நான் போட்டது." காயத்ரியின் குரல் உடைந்தது, ஆனால் அழுகையால் அல்ல. "நீ பாட்டுக்குப் பன்னீரத் தெளிச்சிட்டு ஸ்கூட்டர்ல ஏறிப் போயிட்ட. அப்புறம் வரவங்க ஒவ்வொருத்தர் கிட்டயும் வாங்கிக் கட்டிக்கினது கல்லாவுல ஒக்காந்துக்கினு இருக்கற நான். எங்கடைய நான் எப்படியாவது நிமித்துவேன். உன் பேரு எனக்கு உதவுதுன்னா எடுத்துக்குவேன். நீ என் தங்கச்சிதானே?"

தேவிப்ரியா படியிலேயே நின்றாள். அக்கா இவ்வளவு கோபமாகப் பேசி அவள் கேட்டதில்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது. அதனால்தான் இன்னும் எரிந்தது.

"அப்போ நோட்டீஸ்ல உன் பேரையும் சேத்து எழுதச் சொல்றேன்க்கா," என்றாள். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.

நோட்டீஸ் போனது. விளம்பரம் நின்றது. அவளுடைய பெயரையோ, குரலையோ, படத்தையோ இனி எங்கேயும் பயன்படுத்த மாட்டோம் என்று கணவனும் மனைவியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சாமுவேல் அதை அவளிடம் நீட்டியபோது, சந்தோஷமாக வாங்கிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் அக்காவின் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா மத்தியானச் சாப்பாட்டைப் பெரியவள் வீட்டிலும் ராத்திரிச் சாப்பாட்டைச் சின்னவள் வீட்டிலும் சாப்பிட்டார். இரண்டு வீட்டிலும் இன்னொரு வீட்டைப் பற்றிப் பேசவில்லை. வருஷா வருஷம் காயத்ரி தங்கைக்குக் கொடுத்தனுப்பும் புடவை வரவில்லை. தேவிப்ரியா எதிர்பார்க்கவும் இல்லை. முந்தைய நாளே வாலாஜாபாத் கடைத்தெருவில் ஒரு பருத்திப் புடவை எடுத்து வைத்திருந்தாள். விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து அதைக் கட்டிக்கொண்டு, கஞ்சி மொடமொடப்பு அடங்காத கொசுவத்தைக் கையால் அறைந்து அறைந்து அடக்கினாள்.